துரை பேசியது இரண்டு நிமிஷம்

"துரை ரெண்டு நிமிஷம் கதைச்சா உங்கட கிளாக்கர் ரெண்டு சொல்லில முடிக்கியாரே, மச்சான். மிச்சம் எங்க போகுது?"

மைத்துனர் ஜாபிர் இப்படிக் கேட்ட நாளிலிருந்து பலீல் முதலாளிக்கு நித்திரை போய்விட்டது.

பலீல் முதலாளி கறுவா ஏற்றுமதி செய்கிறவர். மாதம் ஒரு தரம் கொழும்புக் கோட்டைக்குப் போய் லண்டன் கம்பெனியின் வெள்ளைக்காரத் துரையோடு விலை பேச வேண்டும். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. பேச்சும் கடிதமும் கிளாக்கர் நாகேந்திரத்தின் பொறுப்பு. அவர் எழுதி நீட்டுவார், முதலாளி கையெழுத்துப் போடுவார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டாம் ஆண்டோடு இதற்கு ஒன்பது வருஷம்.

பேரம் முடிந்ததும் துரை ஒவ்வொரு முறையும் முதலாளியைப் பார்த்துச் சிரித்து நெடுக ஏதோ சொல்வார். நாகேந்திரம் திரும்பி, "சரக்கு நேரத்துக்கு வரட்டாம், முதலாளி" என்பார். அவ்வளவுதான்.

ஆள் கமிஷன் அடிக்கிறான் என்று ஜாபிர் தீர்ப்பே சொல்லிவிட்டார்.

ஐம்பத்திரண்டு வயதில் முதலாளி கொட்டாஞ்சேனை ஒஸ்வால்ட் மாஸ்டரிடம் ரகசியமாக இங்கிலீஷ் படிக்கப் போனார். மாஸ்டர் நலம் விசாரிக்கும் பாடத்தில் தொடங்கியதும் அவருக்கு எரிச்சல் வந்தது. விலை, நிறை, கப்பல் என்று நேரே விஷயத்துக்கு வரச் சொன்னார். வியாபாரத்துக்கு வீட்டுக் கதை எதற்கு? முன்பொரு நாள் துரை வீட்டுக்கு ஏதாவது அனுப்புவோமா என்று கேட்டு நாகேந்திரமும் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவர்தான்.

பத்து மாதம் மனிதர் பாடுபட்டார். சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்துகொண்டும் கப்பலுக்கு விலை பேசுகிறார் என்று மனைவி ருக்கியா கவலைப்பட்டாள்.

அந்த மாதம் கோட்டைக்கு முடிவோடுதான் போனார். ஒரு சொல் பிசகினாலும் நாகேந்திரத்துக்கு அன்றோடு வேலை இல்லை. இனி நானே பேசுவேன் என்று துரையிடம் சொல்ல இங்கிலீஷ் வசனமும் தயார்.

பேரம் முடிந்தது. விலையில் ஒரு சதம்கூடப் பிசகவில்லை. பிறகு துரை வழக்கம்போல் சிரித்துக்கொண்டு ஆரம்பித்தார். முதலாளி காதைத் தீட்டிக்கொண்டார்.

"போன வருஷம் என் மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கிழமைக்குக் கிழமை விசாரித்து எழுதியவர் நீங்கள் ஒருவர்தான். பழமும் அனுப்பினீர்கள். உங்களைவிட மலிவாகத் தர நாலு பேர் வாசலில் நிற்கிறார்கள். நான் உங்களை விட்டுப் போகமாட்டேன். அவளும் விடமாட்டாள்."

முதலாளிக்கு முகம் சுட்டது. துரைக்கு மனைவி இருப்பதே அவருக்கு இன்றுதான் தெரியும்.

நாகேந்திரம் திரும்பினார். "சரக்கு நேரத்துக்கு வரட்டாம், முதலாளி."

முதலாளி இங்கிலீஷை விழுங்கிக்கொண்டு தமிழிலேயே சொன்னார்.

"துரைட நோனாவுக்கு இப்ப சுகமாண்டு நீங்களே கேளுங்க, நாகேந்திரம்."