சேமிப்பா, நடப்பா?

மிச்சம் தன் மனைவியைச் சந்தேகப்பட்டதில் நியாயம் இருந்தது.

காலையில் அவர் கொண்டுவந்து கொடுக்கிற பணம் சாயங்காலத்துக்குள் மாயமாகிவிடும். மறுநாள் பேப்பரை மடித்து வைக்கக்கூட விடாமல் வந்து நிற்பாள்.

"என்னங்க, கொஞ்சம் பணம் வேணும்."

"நேத்து கொடுத்தது?"

"செலவாயிடுச்சு."

என்ன செலவு என்றால், சின்னச் சின்னச் செலவு என்பாள். எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தடவையாகக் கேட்டுத் தொலைக்கக் கூடாதா என்றால், சேர்த்து வைத்தால் சேர்ந்தே செலவாகிவிடும் என்பாள். கேட்கும்போது அதில் ஏதோ தத்துவம் இருக்கிற மாதிரி தோன்றும். யோசித்துப் பார்த்தால் ஒன்றும் இருக்காது.

மிச்சம் என்பது தெரு அவருக்கு வைத்த பெயர். ரயில்வே டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தே சர்வீஸை முடித்தவர். ஊரையெல்லாம் ரயிலேற்றி அனுப்பிவிட்டு, தான் மட்டும் நாற்காலியைவிட்டு நகராதவர். அவருக்கு முன்னால் அந்த நாற்காலிதான் ஓய்வு பெற்றது என்று சொல்வார்கள்.

அப்படிப்பட்ட மனிதர் இப்போது நடந்தார்.

வீட்டுக்கு நேர் எதிரிலேயே ஓர் ஏ.டி.எம். உண்டு. ஆனால் அது வேறு பாங்க்குடையது; சில தடவைக்கு மேல் எடுத்தால் கட்டணம் பிடிப்பான். என் பணத்தை நான் எடுக்க எவனுக்கு எதற்குக் கூலி என்பது மிச்சத்தின் கட்சி. சொந்த பாங்க்கின் மெஷினில், இவர் மாதிரி பென்ஷன் கணக்குக்காரர்களுக்கு, எத்தனை தடவை எடுத்தாலும் இலவசம். அது மார்க்கெட்டைத் தாண்டி, பாலத்தைத் தாண்டி, ஊரின் மறுகோடியில் இருந்தது. பஸ்ஸில் போனால் டிக்கெட் வாங்க வேண்டும், அப்புறம் மிச்சம் ஏது? எனவே நடை. போன வருஷம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தவர் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். பாலத்தடியில் செருப்பு தைக்கிறவர் இவர் தலையைக் கண்டதுமே ஊசியில் நூல் கோத்துவிடுவார். அந்தச் செலவை மட்டும் மிச்சம் கணக்கில் சேர்ப்பதில்லை.

மெஷின் கேட்கும்: சேமிப்புக் கணக்கா, நடப்புக் கணக்கா? விருது வாங்குகிறவர் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு 'சேமிப்பு' என்பதை அழுத்துவார்.

இதில் ஓர் அதிசயம் வேறு. எவ்வளவு எடுத்தாலும் கணக்கில் பணம் அவ்வளவாகக் குறையவில்லை.

"கட்டணம் கட்டாம இருந்து பாருங்கய்யா, பணம் குட்டி போடும்" என்று தெருவெல்லாம் பிரசங்கம் செய்தார். அதை நம்பி அடுத்த வீட்டுத் தையல்காரர் ஒருநாள் அவரோடு நடந்தார். மறுநாள் கடை திறக்கவில்லை, கால் பிடித்துக்கொண்டுவிட்டது.

எல்லாம் சரி, வீட்டில் கொடுக்கிற பணம் எங்கே போகிறது?

மனைவிக்கு ஒரு தம்பி உண்டு. தொட்ட கடையெல்லாம் மூடுகிற கைராசிக்காரன். கடைசியாக மெத்தைக் கடை வைத்து, அதிலேயே படுத்துத் தூங்கிவிட்டான். பணம் அவனுக்குத்தான் போகிறது என்று மிச்சம் முடிவு கட்டினார். இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவள் முதுகுக்குப் பின்னால் இப்படிச் செய்வாளா என்ற நினைப்பில் சோறு இறங்கவில்லை. நேரே கேட்டுவிடலாம். ஆமாம் என்று சொல்லிவிட்டால்?

அதனால் அவளைக் கேட்காமல், ஒருநாள் மெஷினைத் தாண்டி பாங்க்குக்குள்ளேயே போனார். கணக்கு இருவர் பெயரிலும் இருந்தது. அவள் தனியாக ஏதாவது எடுத்திருக்கிறாளா என்று பார்க்கச் சொன்னார்.

கவுன்ட்டரில் இருந்த பெண் திரையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், சிரிப்பை விழுங்கினாள்.

"அவங்க எடுக்கறதே இல்ல சார். போடறாங்க."

"எதைப் போடறா?"

"நீங்க காலைல எடுக்கறதைத்தான். காய்கறிக்குப் போக மீதியை மத்தியானம் கொண்டுவந்து கட்டிடுவாங்க. நீங்க தூங்கற நேரமாம். பஸ்ல வந்துட்டுப் போவாங்க."

பஸ்ஸிலா, அதுவும் போக வர டிக்கெட்டா? முதலில் வலித்தது அதுதான். அந்தக் காசுக்கு எதிர் மெஷின்காரனுக்குக் கட்டணமும் கட்டி, அவன் சுவருக்கு வெள்ளையும் அடித்துக் கொடுத்திருக்கலாம்.

"எதுக்கும்மா இந்தக் கூத்து?"

அவள் குரலைத் தாழ்த்தினாள். "நானும் கேட்டேன் சார். தினம் நடக்கலேன்னா நெஞ்சு தாங்காதுன்னு டாக்டர் சொன்னாராமே? நடந்தா யாரு காசு கொடுக்கப் போறான்னு நீங்க எகிறினீங்களாம். 'உயிருக்குப் பயந்து ஒரு தெரு நடக்க மாட்டாரும்மா, கட்டணத்துக்குப் பயந்தா உலகத்தையே சுத்துவாரு'ன்னாங்க."

போன மாதம் அந்த டாக்டரே முதுகில் தட்டி, இதயம் பிரமாதம் என்று சொன்னார். வீண் செலவு செய்யாத இதயம் டாக்டர் என்று தான் பீற்றிக்கொண்டது மிச்சத்துக்கு ஞாபகம் வந்தது. தெரு தப்பாகப் பெயர் வைத்துவிட்டது. புத்தியில் மிச்சம் ஒன்றும் இல்லை.

வெளியே வந்து மெஷின் முன் நின்றார். அது வழக்கம்போலக் கேட்டது: சேமிப்பா, நடப்பா? இத்தனை நாளும் தவறான பட்டனையே அழுத்தி வந்திருப்பது அன்றைக்குத்தான் அவருக்குப் புரிந்தது.

வீட்டில் மனைவி வாசலிலேயே நின்றிருந்தாள். ஏன் இவ்வளவு நேரம் என்றாள். கூட்டம் என்றார்.

பணத்தை வாங்கிக்கொண்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "நாளைக்கு ரெண்டு சின்னச் செலவு இருக்குங்க."

மிச்சம் செருப்பைக் கழற்றி, கதவோரம் ஜோடியாக வைத்தார்.

"ரெண்டையும் சேத்துக் கேக்காத. தனித்தனியாக் கேளு."