கேட்டில் வேப்பிலை

"உள்ள வராதீங்க மதினி. அவுகளுக்கு அம்மை போட்டிருக்கு."

கேட்டுக்குக் குறுக்கே நின்றுகொண்டு சொன்னாள் தமிழ்வாணி. கேட்டில் வேப்பிலைக் கொத்து தொங்கியது.

திருவாதவூரிலிருந்து பஸ் மாறி ஆனையூர் வந்து இறங்கிய ஜெயக்கொடிக்குச் சுருக்கென்றது. உள்ளே படுத்திருப்பது கூடப் பிறந்த தம்பி முத்திருளன். அவனைப் பார்க்க அவன் பெண்டாட்டியிடம் அனுமதி கேட்கணுமா?

"யாருகிட்டடி கதை விடுற? தம்பிக்குத் தொண்டையில கேன்சர். மூஞ்சியில இருக்கிறது அந்தப் புது ஊசியால வந்த கொப்புளம். ஆஸ்பத்திரிக்குத் தொணைக்கு வந்த எம்மகன் எல்லாத்தையும் சொல்லிட்டான்."

தமிழ்வாணி பதறிப்போய் வீட்டு ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள்.

"பள்ளிக்கூடத்துல சயின்ஸ் சொல்லிக்குடுக்கிறவ, பொய்யா வேப்பிலை கட்டுறியே, ஆத்தா சும்மா விடுவாளா? சொந்தபந்தம் வந்தா காப்பித்தண்ணி குடுக்கணுமேன்னு சங்கடமா இருக்கோ?"

வாய் அப்படித்தான் பேசும். ஆனால் பஸ்ஸில் வழிநெடுக அழுதுகொண்டே வந்தவள் அவள். இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி. இன்றைக்கு விட்டால் இனி முகத்தைப் பார்க்கக் கிடைக்குமோ கிடைக்காதோ என்ற பயம்.

"மெதுவா மதினி. அவுக காதுல விழுந்துரப் போகுது."

"விழட்டும்! அக்கா வந்திருக்கான்னு தெரியட்டும்!"

அந்நேரம் எதிர்வீட்டு சரண்யாதேவி ஸ்கூட்டியை வெளியே எடுத்தாள். ஜன்னலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"அண்ணே, எப்பண்ணே தலைக்குத் தண்ணி ஊத்துறீங்க?"

உள்ளேயிருந்து கரகரவென்று முத்திருளனின் குரல் வந்தது.

"அடுத்த வாரம்த்தா. ஊத்துன மறுநாளே கடையத் தொறந்து புரோட்டாக் கல்லப் பத்த வச்சுருவேன்ல!"

சரண்யாதேவி சிரித்துக்கொண்டே போய்விட்டாள். போன தடவை ஜெயக்கொடி வந்தபோது அவன் சுவரைப் பார்த்தே படுத்திருந்தான். வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசவில்லை. அவனா அடுத்த வாரத்தைப் பற்றிப் பேசுகிறான்?

"அந்தம்மாதான் மொதல்ல இத அம்மைன்னு தப்பா நெனச்சது மதினி," என்றாள் தமிழ்வாணி. "நான் இல்லன்னு சொல்ல வாயெடுத்தேன். அவுகதான் என் கையப் புடிச்சு நிப்பாட்டினாக. அன்னைக்குத்தான் ரெண்டு வாய் கஞ்சி குடிச்சாக. வேப்பிலையும் அவுகதான் கட்டச் சொன்னாக."

"எதுக்குடி?"

"கேன்சர்னா, 'கடைசியா ஒருக்க மொகத்தப் பாத்துட்டுப் போறேன்'னு எல்லாரும் வாராக மதினி. அம்மைன்னாத்தான், 'நல்லானதும் வந்து பாக்குறேன்'னு சொல்றாக."

ஜெயக்கொடி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். கொண்டு வந்த பையை கேட்டுக்கு மேலாகத் தமிழ்வாணியிடம் நீட்டினாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் பார்த்து உரக்கச் சொன்னாள்.

"தம்பி, அக்கா வந்திருக்கேன்டா. இப்ப உள்ள வரல. நல்லானதும் வந்து பாக்குறேன்ப்பா!"