றஞ்சிதாவுக்கான மன்றாட்டு

"எனக்கு ஒரு நோய் வருத்தமும் இல்லையெண்டு நீங்களே கோயில் மைக்கில சொல்லிவிடுங்கோ, மிஸ். உங்கட படத்தில நடிக்கப் போய் என்ர பிழைப்பில மண் விழுந்திட்டுது."

காட்டிய கதிரையில்கூட உட்காராமல் றஞ்சிதா பொரிந்து தள்ளினாள். நிறஞ்சலாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

நிறஞ்சலா பல்கலைக்கழகத்தில் ஊடகத்துறை ஆய்வாளர். மார்புப் புற்றுநோயை நேரத்தோடு கண்டுபிடிப்பது பற்றி, மன்னாரின் கத்தோலிக்கக் கிராமமான தோட்டவெளியின் பெண்களையே நடிக்க வைத்து ஒரு குறும்படம் எடுத்திருந்தாள். மார்பில் வந்த கட்டியை மறைத்து மறைத்து, காலம் கடந்தபின் கதறி அழும் பெண்ணாக நடித்தவள்தான் றஞ்சிதா. நடிப்பென்றால் அப்படியொரு நடிப்பு. கோயில் மண்டபத்தில் படம் ஓடி முடிந்தபோது மூக்கை உறிஞ்சாத பெண்கள் இல்லை.

வினை அதற்குப் பிறகுதான் தொடங்கியது. ஊர் றஞ்சிதாவை மெய்யாகவே நோயாளி ஆக்கிவிட்டது.

"இடியப்பம் அவிச்சு வித்துத்தான் நான் சீவிக்கிறன். இப்ப ஒருத்தரும் வாங்கினம் இல்லை. இந்த வருத்தத்தோட நெருப்புக்கு முன்னால நிக்காதை, போய்ப் படு எண்டு சொல்லினம். பக்கத்து வீட்டு மாக்கிறட்டக்கா என்ர இடியப்ப உரலையே தூக்கிக்கொண்டு போயிட்டா. கேட்டா, சுகம் வந்த பிறகு வந்து வாங்கு எண்டுறா."

"படம் வேற, நீங்கள் வேற எண்டு சொல்லேல்லையோ, அக்கா?"

"தொண்டைத் தண்ணி வத்தச் சொல்லியாச்சு. பாவம், மறைக்கிறாள் எண்டு கண்ணைத் துடைக்கினம். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில என்ர பேரைச் சொல்லி மன்றாட்டும் வச்சாச்சு. எனக்கு எங்க முகத்தைக் கொண்டுபோய் வைக்கிறதெண்டு தெரியேல்லை."

நிறஞ்சலா நெகிழ்ந்து போனாள். திரையில் கண்டதை அப்படியே நம்பி, அதற்காக முழந்தாளிட்டுச் செபிக்கவும் செய்கிறார்களே, என்ன கள்ளமில்லாத சனங்கள். கொழும்பு மாநாட்டில் வாசிக்கப்போகும் கட்டுரைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஆனாலும் றஞ்சிதாவின் அடுப்பு எரிந்தாக வேண்டுமே.

"மைக்கில நான் சொன்னாலும் நம்பமாட்டினம். ஒண்டு செய்வம். மன்னார் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சோதிச்சுப் பாப்பம். ஒண்டுமில்லை எண்டு டொக்டரே சொல்லிட்டா ஊர் வாயை மூடும்."

றஞ்சிதாவின் வேகம் சட்டென்று அடங்கியது.

"சீச்சீ, அதெல்லாம் என்னத்துக்கு?" என்றாள் தரையைப் பார்த்தபடி.

"வேற வழி எனக்குத் தெரியேல்லை, அக்கா."

அவள் சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு நின்றாள். பிறகு, "எனக்கு உரல் திரும்பி வந்தாப் போதும். வாங்கோ, போவம்" என்றாள்.

பரிசோதித்த பெண் டொக்டரின் விரல்கள் ஓரிடத்தில் நின்றன. ஸ்கான் எடுத்தார்கள், ஊசி குத்திச் சதை எடுத்துச் சோதித்தார்கள். சிறிய கட்டிதான், ஆனால் புற்றுநோய்.

"தொடக்கத்திலேயே வந்திட்டீங்கள், அதனால சுகப்படுத்தலாம்" என்றார் டொக்டர். "இன்னும் ஒரு வருசம் விட்டிருந்தா என்ர கையில ஒண்டும் இருந்திருக்காது."

சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்த அன்று, நிறஞ்சலா நேரே மாக்கிறட்டின் வீட்டுக்குப் போனாள். அவர் முற்றத்தில் இருந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தார்.

"அன்ரி, றஞ்சிதாக்கா தப்பிட்டா. உங்கள் எல்லாருக்கும்தான் நான் நன்றி சொல்லோணும்." நிறஞ்சலா அவருக்கு முன்னால் குந்தினாள். "படத்தை உண்மையெண்டு நம்பின உங்கட வெள்ளை மனசுதான் அவவைக் காப்பாத்தினது."

மாக்கிறட் கையை உதறிவிட்டுச் சிலுவை அடையாளம் போட்டார். கண்ணீர் வழிந்தது. அது காயும் முன்னே சிரிப்பும் வந்தது.

"எது படம், எது நிசம் எண்டு எங்களுக்குத் தெரியாதோ, பிள்ளை? திருநாள் கூத்தில தலை வெட்டுப்பட்டுச் சாகிற அலெக்ஸாண்டர் அண்ணை அடுத்த நாள் கடலுக்குப் போறவர். உங்கட படத்துக்கு அவளுக்குச் சீலை உடுத்தி நெஞ்சில சட்டைப்பின் குத்தேக்க என்ர கையில ஒரு கட்டி தட்டுப்பட்டது. கூச்சமெண்டு சிரிச்சு மழுப்பிட்டாள். நேர கேட்டா செத்தாலும் ஒத்துக்கொள்ளமாட்டாள். அதான், ஊர்ப் பொம்பிளையள் எல்லாரும் சேர்ந்து அவளுக்கு நடிச்சுக் காட்டினனாங்கள். அந்த மன்றாட்டு மட்டும் நடிப்பில்லை."