யாருக்கும் உதவாத ஆணி

விரல் எட்டவில்லை.

நுனிக்காலில் எம்பிப் பார்த்தாள். இன்னும் நான்கு விரற்கடை. அங்கேதான் அந்த வெடிப்பு. கை முழுக்க நுழையும் அருமையான வெடிப்பு.

காலடியில் தோசைக்கரண்டி அகலத்துக்கு ஒரு விளிம்பு. அதற்குக் கீழே காற்று.

கயிறு கடைசியாக மாட்டியிருந்தது முப்பதடி கீழே. விழுந்தால் அறுபதடி. அதற்குள் மகுடபதி நிற்கும் கருங்கல் திட்டு வந்துவிடும்.

இடது கால் தந்தியடிக்க ஆரம்பித்தது.

"என்ன தாயே, அங்கயே குடித்தனம் பண்ணப் போறியா?" கயிற்றைப் பிடித்திருந்த மகுடபதி கத்தினான். "நவமணி சார் அசால்ட்டா எட்டிப் புடிச்ச வெடிப்பு அது!"

நவமணி சார்.



சங்குப்பாறையில் ஏறியவர்களின் வரலாறு மொத்தம் பதினான்கு பக்கம், ஜெராக்ஸ். 1971இல் பட்டாளத்துக்காரர்கள் பாதியில் திரும்பினார்கள். 1986இல் ஆறு பேர், மூன்று நாள், ஒரு கால்முறிவு. 1994இல் நவமணி. தனி ஆள். ஒரே பகல். அறுநூறு அடி.

அதன்பின் அந்த ஆளை மலையேற்றக் குழுவில் கண்டவர் இல்லை. காணாத ஆளுக்கு வருஷா வருஷம் உயரம் கூடி, இப்போது ஆறடி மூன்று அங்குலத்தில் நிற்கிறது.

பாறையில் நவமணி அடித்தது ஒரே ஓர் ஆணி. அதுவும் இந்த விளிம்பில், இடுப்பு உயரத்தில். பிறகு வந்தவர்கள் இங்கே ஏறி நின்று, கையை நீட்டி, வெடிப்பைப் பிடித்துப் போய்விடுவார்கள். ஆணியைத் தொட்டவர் கிடையாது. 'தலைசுற்றலில் அடித்திருக்கலாம்' என்று பன்னிரண்டாம் பக்கத்தில் அடிக்குறிப்பு.

இன்று அதைப் பிடுங்கிவிடுவது என்று குழுவின் முடிவு. சுத்தியல் மகுடபதியின் பையில்.

கால் வழுக்கியது.

கன்னத்தைப் பாறையில் அப்பி ஒட்டிக்கொண்டாள்.

காலையில் வீட்டில் காதில் போட்டு அனுப்பிய வார்த்தை ஞாபகம் வந்தது. எட்டலேன்னா எம்பாதே. குனி.

குனிந்தாள்.

இடுப்புக்கு நேராக ஆணி. கறுத்து, துருவேறி, காது மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு.

"அதுல மாட்டாதே! முப்பது வருஷத் துரு!"

இடுப்பிலிருந்த கொக்கியை அதன் காதில் மாட்டினாள். ணங். கொக்கியில் தொங்கிய நாடா வளையம் அவள் முழங்காலுக்கு அருகே வந்து நின்றது. படி போட்ட மாதிரி.

அப்போதுதான் விளங்கியது.

அது பிடிக்க அடித்த ஆணி இல்லை.

மிதிக்க அடித்தது.

வலது காலை வளையத்துக்குள் விட்டாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு மொத்த எடையையும் அதன் மேல் வைத்தாள்.

ஆணி முனகியது.

அசையவில்லை.

எழுந்தாள். வெடிப்பு கைக்குள் வந்தது.

ஒரு கையை வெடிப்பில் இறுக்கிக்கொண்டு, வளையத்தைக் கழற்றக் குனிந்தாள். கால் பட்ட ஆணியை விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

ஒருமுறை போதவில்லை. இன்னொரு முறை தொட்டாள்.

மீதி நூறடியில் கால் நடுங்கவே இல்லை.

உச்சியில், பாறைச் சந்தில், பழைய பிஸ்கட் டப்பா. அதற்குள் நோட்டு. ஏறியவர்கள் பெயர் எழுதுவது வழக்கம்.

பின்னாலேயே மூச்சிரைக்க வந்து சேர்ந்த மகுடபதி அவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தான். கீழே இறங்கும்போது வேண்டும் என்று சுத்தியலைக் கையில் எடுத்திருந்தான்.

"இனிஷியலோட போடு. அப்பறம் எந்த எழிலின்னு கேப்பானுங்க."

எழுதினாள். ந. எழிலி.

"உங்கப்பா பேரு சண்முகம்தானே? 'ச' இல்ல வரணும்?"

அவள் நோட்டின் ஆரம்பப் பக்கம் ஒன்றைத் திருப்பிக் காட்டினாள். மழையில் ஊறிக் காய்ந்த தாள். குண்டு குண்டான எழுத்து.

நவமணி. 9.2.1994. ஆணி ஒன்று. பாறை மன்னிக்கட்டும்.

மகுடபதி அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவளுடைய 'ந'வைப் பார்த்தான்.

சுத்தியல் சத்தமில்லாமல் பைக்குள் போனது.

"அம்மா... எவ்ளோ உயரம்?"

"என்னைவிட ரெண்டு விரக்கடை கம்மி."