வாங்காத நகல்

விவாகரத்துத் தீர்ப்பின் நகல் தயாரென்று நீதிமன்றப் பலகையில் ஒட்டி நாலு மாதமாகியும் சிவகாமசுந்தரி அதை வாங்கவில்லை. "அப்பீலுக்குத் தொண்ணூறு நாள்தாம்மா. நகலுக்குக் காத்திருக்கிற நாளை மட்டும் கழிச்சிடுவாங்க" என்று வக்கீல் குமாஸ்தா சொன்னதை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். வாங்காதவரை நாள் ஓடாது. நாள் ஓடாதவரை அவள் தணிகாசலத்தின் மனைவிதான். திங்கட்கிழமைதோறும் பஸ் பிடித்து வந்து, நகல் பிரிவின் ஜன்னல் வழியே அலமாரியைப் பார்ப்பாள். ஓரம் மடங்கிய அவளுடைய காகிதம் கட்டுக்குள் அப்படியே இருக்கும். மெட்டி தரையில் தட்ட, நிம்மதியாகத் திரும்பிப் போவாள்.

இன்று எழுத்தர் கூப்பிட்டார். "வாரா வாரம் வந்து பாத்துட்டுப் போறீங்களே, உங்களுது எதும்மா?"

வழக்கு எண்ணைச் சொன்னாள். உருவி எடுத்துத் தூசி தட்டியவர், முத்திரையில் இருந்த தேதியைப் பார்த்தார்.

"இது தயாரான அன்னிக்கே நாள் ஓட ஆரம்பிச்சிருச்சேம்மா. தொண்ணூறு முடிஞ்சு ஒரு மாசமாச்சு."

நீட்டிய நகலை இரண்டு கைகளாலும் வாங்கினாள். மடங்கிய ஓரத்தை விரலால் நீவி நிமிர்த்தினாள். பிறகு மெல்ல அவர் பக்கமே தள்ளினாள்.

"இன்னும் ஒரு வாரம் உள்ளயே இருக்கட்டும் சார்."