ஐந்து பச்சை நட்சத்திரங்கள்

பவளக்கொடியின் முறுக்குக் கடைச் சுவரில் ஒரு கைக்கணினி தொங்கியது. கடையின் புகையையும் விறகுச் செலவையும் குறைப்பதே அதன் பணி. தினமும் நாற்பது கேள்விகளைக் கேட்ட அது, மாத இறுதியில் கடைக்கு ஐந்து பச்சை நட்சத்திரங்களை வழங்கியது.

"புகையே இல்லாத கடை," என்று பெருமையுடன் அறிவித்தது.

கீழே இருந்த விறகடுப்பு சிரித்தது. "தம்பி, என் விலாவில் விரிசல் விழுந்து மூன்று மாதம் ஆயிற்று. புகையெல்லாம் பவளக்கொடி முகத்தில்தான் அடிக்கிறது. இரண்டு கட்டு எரிந்த இடத்தில் இப்போது நான்கு கட்டு எரிகிறது."

"புகை வருகிறதா என்று கேட்டேனே, அண்ணே. 'இல்லை' என்றாரே."

"கை முழுவதும் மாவும் எண்ணெயுமாக நிற்பவள், உன் வாயை அடைக்க முழங்கையால் ஒரே பொத்தானை நாற்பது முறை இடித்தாள். அதைப் பதில் என்று எடுத்துக்கொண்டாயாக்கும்."

கைக்கணினி பவளக்கொடியைப் பார்த்தது. அவளுடைய கண்கள் சிவந்து வீங்கியிருந்தன. இத்தனை நாள் எதிரிலேயே தொங்கியும் அந்தக் கண்களை அது கவனித்ததில்லை. நட்சத்திரங்களை எங்கே ஒளிப்பதென்று தெரியாமல் அதன் திரை கூசி மங்கியது.

மறுநாள் காலை நாற்பது கேள்விகளும் இல்லை. பெரிய எழுத்தில் ஒன்றே ஒன்று இருந்தது: 'அடுப்பின் விரிசலைப் பூசக் கொத்தனாரை அழைக்கட்டுமா, அம்மா?'

இடிப்பதற்கு முழங்கையைத் தூக்கிய பவளக்கொடி நின்று படித்தாள். பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, விரலால் 'ஆம்' என்பதைத் தொட்டாள்.

அதற்காக ஒரு நட்சத்திரத்தைக்கூடக் காட்டக் கைக்கணினிக்கு முகமில்லை.