குடுவைக்குப் போட்ட கோலம்

டாலிகஞ்ச் ஃபிளாட்டின் வராந்தாவில் வத்சலா தினமும் அரிசி மாவில்தான் கோலம் போடுவாள். எறும்புகள் தின்னட்டும் என்பாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

மகள் சாதனா வேலைக்காக டெல்லி போனபோது ஒரு குடுவைச் செடியை விட்டுப்போனாள். கட்டைவிரல் அளவுக் குடுவைகள். விளிம்பில் தேன் கசியும்; அதை நக்க வரும் பூச்சி வழுக்கி, உள்ளே தேங்கிய நீரில் விழுந்து கரைந்துவிடும். செடி வாடத் தொடங்கியதும் வத்சலா கோலத்தின் கடைசி இழையைத் தொட்டிவரை இழுத்துவிட்டாள். எறும்புகள் வரிசையாகப் போயின. செடி தளதளவென்று ஆனது.

பக்கத்து ஃபிளாட் வங்காளிக் குழந்தை மிமிக்கு நாலு வயது. வத்சலா அவளுக்குக் காக்கிமா, சித்தி முறை. குனிந்து பார்த்தாள்.

“காக்கிமா, எறும்பெல்லாம் எங்க போகுது?”

“வீட்டுக்குப் போறதுகள்டி கண்ணு.”

சொன்ன பிறகு வத்சலாவுக்குக் காபி இறங்கவில்லை. அன்றே கோலத்தை அலம்பிவிட்டு, மாவு டப்பாவைப் பரணில் ஏற்றினாள்.

மறுநாள் காலை கதவைத் திறந்தால் கோலம் இருந்தது. அவள் கைப்பழக்கமேதான், வளைவுகளில் இழை லேசாகத் தடித்திருந்தது. ஆனால் அது மிமி வீட்டு வாசலில் தொடங்கித் தொட்டியில் முடிந்தது. மாவின்மேல் சின்னச் சின்னப் பாதச் சுவடுகள், எல்லாம் தொட்டியைப் பார்த்தபடி. திரும்பி வந்த பாதம் ஒன்றுகூட இல்லை.

மிமியின் அம்மா கதவைத் திறந்து, மிமி அங்கே வந்தாளா என்று கேட்டாள். அதற்குள் வத்சலா ஈரத்துணியால் தரை முழுவதையும் துடைத்திருந்தாள்.

“வீட்டுக்குப் போயிட்டாளே” என்றாள்.